டி.சி. மட்டும் போதாது: வளர்ப்புப் பிள்ளை பள்ளி மாறும்போது படிப்பு விட்டுப்போகாமல் இருக்க

தொண்டியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் அக்டோபர் மாதம். நாங்கள் இருப்பது தங்கச்சிமடத்தில். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு கைக்கு வந்த மறுநாளே நான் பஸ் ஏறிப் போய்ப் பழைய பள்ளியில் டி.சி.யை, அதாவது மாற்றுச் சான்றிதழை, வாங்கிவிட்டேன். அது கையில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. இங்கே வந்து கேட்டால் முதல் பள்ளியில் வருஷத்துக்கு நடுவில் சேர்க்க யோசித்தார்கள், அடுத்த பள்ளியில் எச்.எம். ஒரு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார், மூன்றாவது பள்ளியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள், ஆனால் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவில், பிள்ளையின் பெயர் வரவில்லை. அதற்குள் மழை விடுமுறை வேறு வந்துவிட்டது. மொத்தம் 23 நாள் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த 23 நாளில் புதிய பள்ளியில் கணக்கில் முக்கோணவியலை முடித்துவிட்டார்கள். பழைய பள்ளியிலோ அதை இன்னும் தொடங்கவே இல்லை. தமிழ்நாடு முழுக்க ஒரே புத்தகம்தான், ஆனாலும் அவள் அந்தப் பாடத்தைப் பார்க்காமலேயே பத்தாம் வகுப்புக்குப் போனாள். அடுத்த வருஷம் சைன், காஸ் என்றாலே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுவாள். பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள். கணக்கு வராமல் இல்லை. ஒரு பாடத்தை யாருமே அவளுக்கு நடத்தவில்லை, அவ்வளவுதான்.

டி.சி.யில் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், கடைசியாகப் படித்த வகுப்பு இவையெல்லாம் இருக்கும். பிள்ளை எந்தப் பாடம் வரை படித்தது, எது புரிந்தது, எந்தச் செய்முறையை முடித்தது, எந்த உதவித்தொகை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எதுவும் இருக்காது. அதையெல்லாம் பிள்ளையோடு சேர்த்து எடுத்துவருவது நம் வேலை. கடந்த ஏழு வருஷத்தில் மூன்று பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார்கள், மூன்று பேருக்கும் பள்ளி மாறியிருக்கிறது. முதல் பிள்ளைக்கு நான் விவரம் தெரியாமல் செய்த தவறை மற்ற இரண்டு பேருக்கும் செய்யவில்லை.

நான் எழுதுவது குழு உத்தரவோடு, தத்தெடுக்காமல், வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. அப்பா படகோடு இலங்கையில் பிடிபட்டு மாதக்கணக்கில் வராததால் அம்மாச்சி வீட்டுக்கு வந்த பிள்ளை, அம்மா இறந்து சித்தியிடம் வந்த பிள்ளை, காப்பகத்தில் இருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த பிள்ளை என்று நம் ராமநாதபுரம் கரையில் மூக்கையூரில் இருந்து எஸ்.பி.பட்டினம் வரை இப்படிப் பிள்ளைகள் இல்லாத ஊர் இல்லை. எல்லோருக்கும் இதே சிக்கல்தான்.

பள்ளி மாறத்தான் வேண்டுமா?

வீடு மாறினால் பள்ளியும் மாற வேண்டும் என்று நாமாக முடிவு பண்ணிவிடுகிறோம். உச்சிப்புளியில் படிக்கிற பிள்ளை மண்டபத்துக்கு வந்தால் பஸ்ஸில் போய்வர முடியாதா? தேவிபட்டினத்தில் இருந்து ராமநாதபுரம் வரும் பிள்ளைக்கும் அப்படித்தான். அரையாண்டு வரைக்கும், முடிந்தால் முழு ஆண்டுத் தேர்வு வரைக்கும் பழைய பள்ளியிலேயே ஓட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். வீடு மாறி, சாப்பாடு மாறி, தூங்குகிற இடம் மாறிப் போன பிள்ளைக்கு மாறாமல் இருக்கிற ஒரே இடம் அந்த வகுப்பறையாக இருக்கலாம்.

தூரம் ரொம்ப அதிகம் என்றால், ராமேசுவரத்தில் இருந்து தொண்டிக்குத் தினமும் போய்வர முடியாதுதான், பள்ளிக்குப் பக்கத்தில் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியோ ஆதிதிராவிடர் நல விடுதியோ இருக்கிறதா என்று கேளுங்கள். விடுதி எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஏற்கெனவே வீட்டை இழந்த பிள்ளையை மறுபடி விடுதிக்கு அனுப்பினால், இவர்களும் நம்மைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். பிள்ளையிடமே கேளுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைக்குத் தன் படிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

குழந்தைகள் நலக் குழு முன்னால் போகும்போது தேர்வு தேதியைச் சொல்லப் பயப்படாதீர்கள். பிள்ளையை எங்கே வைப்பது என்று அவர்கள் பேசும்போது படிப்பும் அதில் சேர்ந்ததுதான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பிள்ளைக்குப் போடும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் கல்விக்கென்று ஒரு பகுதி உண்டு. எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு நான் போய், “அரையாண்டுத் தேர்வு முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றோம், மேடம், அதுவரைக்கும் வாராவாரம் போய்ப் பாத்துக்கிறோம்” என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் டிசம்பர் முதல் வாரமே அவனைப் பள்ளியில் இருந்து நிறுத்தியிருப்போம்.

நாள் குறிப்பது நம் கையில் இருந்தால் மே மாதம்தான் நல்லது. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் ஆண்களும் இருப்பார்கள், அலைவதற்கு ஆள் கிடைக்கும், பிள்ளைக்கும் ஊர் பழக ஒரு மாசம் கிடைக்கும். தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது என்பதும் உண்மை. அதனால் பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவையுங்கள்.

முதலில் இடம், அப்புறம் டி.சி.

இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் புதிய பள்ளி எச்.எம்.மைப் பார்த்து, பிள்ளையின் வகுப்பு, பயிற்றுமொழி, பதினொன்று பன்னிரண்டு என்றால் எந்த குரூப் என்பதைச் சொல்லி, சேர்த்துக்கொள்கிறோம் என்று அவர் வாயால் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பழைய பள்ளியில் டி.சி. கேளுங்கள். அதுவரை பிள்ளையின் பெயர் பழைய பள்ளி வருகைப் பதிவேட்டிலேயே இருக்கட்டும்.

எமிஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். தமிழ்நாட்டில் பள்ளியில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எமிஸ் எண் உண்டு. அது பள்ளி மாறினாலும் மாறாது. பழைய பள்ளியில் டி.சி. போட்டுப் பிள்ளையை விடுவித்தால் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும், காமன் பூல் என்பார்கள். புதிய பள்ளி அந்த எண்ணைப் போட்டு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பேப்பரில் டி.சி. கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் விடுவிக்க மறந்துபோவது உண்டு, எங்களுக்கு நடந்தது அதுதான். அதனால் டி.சி. வாங்கும்போதே, “எமிஸ்ல காமன் பூலுக்கு அனுப்பிட்டீங்களா, சார்?” என்று கேட்டு, அவர்கள் அனுப்பிவிட்டோம் என்று சொன்ன பிறகு கிளம்புங்கள். எண்ணை நம் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விடுவிக்கச் சொல்லிப் புதிய பள்ளியில் இருந்தே கோரிக்கை அனுப்பவும் அதில் வழி இருக்கிறது.

இன்னொன்று, எமிஸில் பதிந்திருக்கிற செல்போன் எண். பழைய வீட்டில் யாரோ ஒரு மாமாவுடைய எண் இருக்கும். பள்ளியில் இருந்து போகும் தகவல் எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும், நமக்கு எதுவும் தெரியாது. சேர்க்கிற அன்றைக்கே நம் எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.

டி.சி. தர மறுத்தால் என்ன செய்வது? எட்டாம் வகுப்பு வரைக்கும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு எச்.எம். உடனே டி.சி. தர வேண்டும், டி.சி. வரத் தாமதம் என்பதற்காகப் புதிய பள்ளியும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் இருந்து அந்தச் சட்டம் வராது. ஆனால் கட்டண பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்திவைப்பதும், பாக்கி என்று அதிலேயே எழுதுவதும் கூடாது என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பா இறந்த வருஷத்துக் கட்டணத்தைப் பிள்ளையின் தலையில் கட்டுகிற தனியார் பள்ளிகளிடம் இதைச் சொல்லலாம். சண்டையாகப் பேச வேண்டியதில்லை, தெரிந்தவர் என்று காட்டினாலே போதும்.

டி.சி.யோடு வர வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள், தண்ணீர் புகாததாக. கடற்கரை வீட்டில் பேப்பர் எப்படி நமுத்துப்போகும் என்று நமக்குத் தெரியும். எல்லாவற்றையும் போன் கேமராவில் படமும் எடுத்துவையுங்கள்.

பழைய பள்ளியில் கேட்டு வாங்க வேண்டியது முதலில் மதிப்பெண். அந்த வருஷம் அதுவரைக்கும் நடந்த தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதி எச்.எம். கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதே தாளில் எத்தனை வேலைநாள், பிள்ளை எத்தனை நாள் வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பொதுத்தேர்வு எழுதுகிற வகுப்பில் வருகை நாளைக் கணக்குப் பார்ப்பார்கள், பழைய பள்ளி நாட்கள் இல்லாவிட்டால் பிள்ளை பாதி வருஷம் வரவே இல்லை என்று ஆகிவிடும்.

தமிழ்வழியில் படித்த பிள்ளை என்றால் அதற்கான சான்றிதழை அப்போதே வாங்கிவிடுங்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு ஒன்றாம் வகுப்பில் இருந்து தமிழ்வழியில் படித்ததைக் காட்ட வேண்டும், அதாவது படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வேண்டும். நான்கு பள்ளி மாறிய பிள்ளை 22 வயதில் வேலைக்கு எழுதும்போது நான்கு ஊருக்கும் அலையும். இன்றைக்குப் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இது.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறியிருந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வரும். அது தானாக ஓடாது, வருஷாவருஷம் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், புதிய பள்ளி அந்தப் பிள்ளையைத் தன் பெயரில் ஏற்க வேண்டும். புதிய பள்ளிக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாமல் தேதி தாண்டிப்போகும். சேரும் அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள். பணம் போகிற வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள்.

மற்றபடி குழு உத்தரவின் நகல், ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். குழு உத்தரவு இருந்தால் யார் காப்பாளர், யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சே எழாது. உத்தரவு இல்லாமல் சொந்தக்காரர் என்ற முறையில் மட்டும் வளர்க்கிறவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒருமுறை போய்ப் பேசுங்கள். மிஷன் வாத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் இருக்கிறது, அதற்கும் அங்கேதான் வழி.

பெயரையும் இனிஷியலையும் தொடாதீர்கள். பாசத்தில் பெரியப்பா தன் இனிஷியலைப் போட்டுச் சேர்த்துவிடுவார். ஆதாரில் ஒன்று, டி.சி.யில் ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று என்றாகி, பிறகு அதைத் திருத்த அந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் அலையும். வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்து இல்லை. பிள்ளையின் பெயர் பிள்ளையுடையது.

பத்தும் பன்னிரண்டும்

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் இருக்கும் பிள்ளையை வருஷ நடுவில் மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும், நாமினல் ரோல் என்பார்கள். அதில் பெயர் ஏறிய பிறகு பள்ளி மாற்றுவது மிகவும் கஷ்டம். அந்தத் தேதியை எச்.எம்.மிடம் கேட்டு, வீடு மாறினாலும் தேர்வை மட்டும் பழைய பள்ளிப் பெயரிலேயே எழுதவைக்கப் பாருங்கள். அந்த மூன்று வாரம் பிள்ளை அங்கேயே ஒரு தோழி வீட்டில், தெரிந்த டீச்சர் வீட்டுப் பக்கத்தில், யாராவது பொறுப்பானவர்கள் பார்வையில் தங்க முடியுமா என்று குழுவிடம் கேட்டுச் செய்யுங்கள்.

செய்முறை நோட்டு, அதாவது ரெக்கார்டு, பிள்ளையோடு வந்தே ஆக வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு, 75 எழுத்துத் தேர்வுக்கு. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று பிரியும், வருகையும் வகுப்புத் தேர்வும் ஒப்படைப்பும் எல்லாம் அந்த 10இல்தான். செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. பழைய பள்ளி ஆசிரியர் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு இருந்தால் புதிய ஆசிரியர் அங்கிருந்து தொடர்வார், இல்லாவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் மறுபடி வரைந்துகொண்டிருக்கும், படிக்க நேரமிருக்காது.

பிளஸ் ஒன்னுக்கு 2017-18ல் வந்த பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. அதனால் அந்த வருஷம் மாற்றுவது முன்பைவிடச் சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் கரையில் எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளை வந்து சேருகிற ஊரில் அந்த குரூப் இல்லாவிட்டால், இருக்கிற குரூப்பில் போடு என்று போட்டுவிடுகிறார்கள், பிள்ளை தெரிந்தெடுத்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பள்ளியில் இல்லை என்றால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியைப் பாருங்கள், பஸ் பாஸ் இருக்கிறது. குரூப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நல்லெண்ணத்தில் தனியார் பள்ளியில் சேர்ப்பது

இதை அழுத்திச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துவந்த பிள்ளையை, பாவம் நல்லாப் படிக்கட்டும் என்று ஒரு வருஷம் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போனால் இவை கைவிட்டுப் போகும். என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையும் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படித்தால்தான். சொத்து இல்லாத, பின்னால் நிற்க ஆள் இல்லாத பிள்ளைக்கு இந்தத் தொடர்ச்சிதான் சொத்து. காசு செலவழிக்க மனம் இருக்கிறவர்கள் அந்தக் காசில் மாலை டியூஷனும் முட்டையும் பாலும் வாங்கிக் கொடுங்கள்.

முதல் மாதம்: எது விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை. பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, சீருடை வாங்கியாகிவிட்டது என்று நாம் மூச்சு விடுகிறோம்.

நான் செய்கிற முறை இது. ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து பிள்ளையோடு உட்காருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே பழைய பள்ளியில் நடத்தினார்களா, புதிய பள்ளியில் நடத்தினார்களா என்று இரண்டு குறி போடச் சொல்லுங்கள். இரண்டிலும் நடத்தியது இருக்கும், அது பிள்ளைக்குத் திருப்புதல், நல்லது. இரண்டிலும் நடத்தாதது இருக்கும், அது இனி வரும். பழைய இடத்தில் இன்னும் வராமல், புதிய இடத்தில் முடிந்துபோனதுதான் ஓட்டை. பத்தாம் வகுப்புக் கணக்கில் மொத்தம் எட்டு இயல், ஒரு மணி நேரத்தில் முழுக்கப் பார்த்துவிடலாம். எங்கள் மூன்றாவது பிள்ளைக்கு இப்படிப் பார்த்தபோது கணக்கில் ஆயத்தொலை வடிவியல், அறிவியலில் இரண்டு பாடம், சமூக அறிவியலில் ஒன்று, அவ்வளவுதான் ஓட்டை. ஒன்றும் தெரியாத பிள்ளை என்று வகுப்பில் பேர் வாங்கியிருந்தவனுக்கு, நான்கு பாடம்தான் தெரியாது என்று தெரிந்ததும் முகமே மாறிப்போனது.

“பெரியம்மா, இவ்வளவுதானா?” என்று கேட்டான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பிள்ளை பின்தங்கியிருக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் 50 பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இந்த ஒரு பாடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது, சார், சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும் என்றால் யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்க்கவில்லை. எந்த வரிசையில் அடைப்பது என்றால் கணக்கும் அறிவியலும் முதலில், ஏனென்றால் அடுத்த பாடம் இதன்மேல்தான் நிற்கும். சமூக அறிவியல் பிள்ளை தானாகவே படித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் பாடத்தைவிட இலக்கணத்தைப் பாருங்கள்.

பழைய பள்ளி நோட்டுகளைத் தூக்கிப்போட விடாதீர்கள், எடைக்குப் போடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருந்து வரும் பிள்ளைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கிய குடும்பங்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே தமிழில்தான் படித்திருப்பார்கள், ஆனால் வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள். அவர்களுக்கு வடிவியல் என்றால் தெரியாது, கேத்திர கணிதம் என்றால் தெரியும். இயற்கணிதத்துக்கு அட்சர கணிதம், இயற்பியலுக்குப் பௌதிகவியல், வேதியியலுக்கு இரசாயனவியல். பாடம் தெரியும், சொல்தான் வேறு. அந்தப் பிள்ளைக்கு ஒரு நோட்டில் இடது பக்கம் அங்குள்ள சொல், வலது பக்கம் இங்குள்ள சொல் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். தெரியாத பிள்ளை என்று இரண்டு வகுப்பு கீழே இறக்கிப் போடுவது பெரிய அநியாயம். எட்டாம் வகுப்பு வரைக்கும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைத் தனிப் பயிற்சியில் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

வகுப்பாசிரியரிடம் எவ்வளவு சொல்வது

எச்.எம்.முக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும், பிள்ளை நம் பராமரிப்பில் இருக்கிறது, இன்னார் கையெழுத்துப் போடுவார், இன்னார் வந்தால் மட்டும் பிள்ளையை அனுப்புங்கள் என்று சொன்னால் போதும். அம்மா எப்படி இறந்தார், அப்பா எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் பிள்ளை சொல்ல நினைத்தால் சொல்லட்டும். ஊர்க்காரர் முன்னால், வராண்டாவில் நின்று, பாவம் அம்மா இல்லாத பிள்ளை என்று ஆரம்பிக்காதீர்கள். ஒருமுறை என் கண் முன்னாலேயே அப்படி ஒருவர் கேட்டார், நானும் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ‘அப்பா தொழில்’ என்று படிவத்தில் வரும் இடத்தை நாமே வீட்டில் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், வகுப்பில் எழுந்து நின்று சொல்லவைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த முதல் வாரம் பிள்ளை ஒரே ஒரு சக மாணவரோடு பஸ்ஸில் போய்வர ஏற்பாடு பண்ணுங்கள். பக்கத்துத் தெருப் பிள்ளையாக இருந்தால் வீட்டுப்பாடம் கேட்கவும் ஆகும். புதிய பஸ் பாஸ் வரும்வரை சீருடையோடும் பள்ளி அடையாள அட்டையோடும் அனுப்புங்கள்.

எங்கேயாவது நின்றுபோனால்

ஒரு வாரத்துக்கு மேல் பிள்ளை வீட்டில் இருக்க விடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. அதில் சொல்லுங்கள், அதோடு ராமநாதபுரத்தில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள், எமிஸ் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அதே மனுவின் நகல் போகட்டும், அவர்கள் பேசினால் பள்ளிகள் சீக்கிரம் அசையும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம், ரசீதை வாங்கி ஃபைலில் வையுங்கள். பிள்ளைக்கே ஆபத்து, யாரோ வந்து தொந்தரவு செய்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

இடையில் சும்மா இருக்கும் நாட்களில் எங்கள் பையன் காலை ஒன்பதரைக்குப் புத்தகத்தோடு திண்ணையில் உட்காருவான், பள்ளி நேரப்படியே. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டை வாங்கி அன்றன்றைக்கு நடத்தியதை எழுதுவான். பள்ளிக்குள் காலை வைத்த அன்று அவனிடம் ஐந்து நாள் நோட்டு இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய பள்ளிக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் மட்டும் போய் டி.சி. வாங்கி வந்துவிட்டால், பிள்ளை நேற்று வரை உட்கார்ந்த பெஞ்சுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்ததாக ஆகிவிடும். பிடித்த டீச்சரிடம் போன் எண்ணை வாங்கிக்கொள்ளட்டும். எங்கள் மூத்தவள் பத்தாம் வகுப்பில் அந்த முக்கோணவியலில் தவித்தபோது கடைசியில் சொல்லிக்கொடுத்தது தொண்டியில் இருந்த அவளுடைய பழைய கணக்கு டீச்சர்தான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், போனில். பிளஸ் டூ முடித்து அவள் எங்கள் வீட்டில் இருந்து கிளம்பும்போது அந்த பிளாஸ்டிக் ஃபைலை அவள் கையில் கொடுத்தேன். மேலே அந்த டீச்சரின் எண்ணைத் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.